வெளிநாட்டில் காட்டுயிர்ச் சூழலியல் படிக்கப் போகும் டெல்டா பிள்ளைகளுக்கு: ஒரு லெக்சர் நாளைச் சமாளிக்க முழுமையான வழிகாட்டி

நான் மன்னார்குடிக்காரி. வட சுவீடனில் உமியோ என்ற ஊரில் முதுகலை படித்துவிட்டுத் திரும்பினேன். அதற்கப்புறம் நம் பக்கத்திலிருந்து சுவீடனுக்கும் பிரிட்டனுக்கும் போன சிலரைக் கிளம்பும் முன் உட்கார வைத்துப் பேசியிருக்கிறேன். போன பிறகு ராத்திரியில் போன் போட்டுப் புலம்பியதையும் கேட்டிருக்கிறேன். “அக்கா, அவர் பேசுறது புரியுது. ஆனா கிளாஸ் முடிஞ்சா கையில ஒண்ணும் நிக்க மாட்டேங்குது.” பெரும்பாலும் இதே வாக்கியம்தான்.

இங்கிலீஷ் போதாததால் வருகிற சிக்கல் என்று அவர்களே முடிவு கட்டிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இங்கே நாம் முதலில் வகுப்பில் எழுதிக்கொண்டு, பரீட்சைக்கு முன்னால் படிப்போம். அங்கே முதல் நாளே படித்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போக வேண்டும். வரிசை தலைகீழ். நான் பார்த்தது சுவீடன் என்பதால் நேரமும் வழக்கமும் அந்த ஊருக்கானவை. மற்ற நாட்டுக்குப் போகிறவர்கள் அங்குள்ளதைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

1. கிளம்பும் முன்பே, ஊரில் இருக்கும்போது

விசா, கம்பளி, சாம்பார்ப் பொடி பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்வது வேறு மூன்று.

முதலாவது, லேப்டாப்பில் ‘ஆர்’ (R) என்ற புள்ளியியல் சாஃப்ட்வேரை ஏற்றுங்கள். இலவசம்தான். முதல் வாரமே அது உங்களுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு பாடம் நடத்துவார்கள். பழகுவதற்கு இணையத்தில் கிடைக்கும் மாதிரித் தரவு வேண்டாம், நீங்களே எண்ணுங்கள். கார்த்திகை, மார்கழியில் வடுவூர் ஏரிக்கரையில் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், இருபது நிமிடம் நின்று கண்ணில் படும் நீர்ப்பறவைகளை இனவாரியாகக் குறியுங்கள். பத்து காலை போதும். தேதி, தொடங்கிய நேரம், இனம், எண்ணிக்கை, பனி இருந்ததா இல்லையா. உங்கள் தரவில் எந்த எண் நம்பத்தகாதது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். பனி மூடிய அன்று பாதி ஏரி தெரியவில்லை, ஒரு நாள் கூட வந்தவன் பேசிக்கொண்டே இருந்தான். அந்த உறுத்தல்தான் இந்தப் படிப்பின் பாதி.

இரண்டாவது, பெயர்கள். அறிவியல் பெயரோடு ஐம்பது உயிர்களை மனப்பாடம் செய்துவிடுங்கள். நத்தை குத்தி நாரை அனஸ்டோமஸ் ஆசிடன்ஸ், வெளிமான் ஆன்டிலோப் செர்விகாப்ரா, இப்படி. ஏன் என்றால், நாம் கொக்கை ‘கிரேன்’ என்று சொல்லிப் பழகியவர்கள். சுவீடனில் கிரேன் என்றால் வயலில் நடக்கும் உயரமான சாம்பல் பறவை, அது வேறு குடும்பமே. நம் வயல் கொக்கு ‘ஈக்ரெட்’. முதல் செமினாரில் நான் “எங்கள் ஊர் நெல்வயலில் ஆயிரக்கணக்கில் கிரேன்” என்றேன். எல்லாரும் ஆச்சரியமாகப் பார்த்தார்கள். ஒருத்தி இடம் எங்கே என்று கேட்டு நோட்டில் குறித்தே வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது, திட்ட விலக்கத்துக்கும் திட்டப் பிழைக்கும் உள்ள வித்தியாசத்தை யாராவது ஒரு கணக்கு வாத்தியாரிடம் கேட்டுத் தெளிவாகிக்கொள்ளுங்கள். முன்னது பறவை எண்ணிக்கை நாளுக்கு நாள் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது. பின்னது உங்கள் சராசரியை எவ்வளவு நம்பலாம் என்பது. இதைக் குழப்பிக்கொண்டு போனால் வரைபடங்களில் இருக்கும் கோடுகளெல்லாம் அலங்காரமாகவே தெரியும்.

2. முந்தின இரவு: கட்டுரையை வரிசை மாற்றிப் படிப்பது

முதலில் கால அட்டவணையைத் திறந்து, நாளை எது கட்டாயம் என்று பாருங்கள். லெக்சருக்குப் பெரும்பாலும் வருகைப்பதிவு கிடையாது. செமினாரும் லேபும் பெரும்பாலும் கட்டாயம், தவறினால் ஈடுகட்ட வேறு வேலை எழுதித் தர வேண்டியிருக்கும். ‘அட்டென்டன்ஸே இல்லை’ என்று கேள்விப்பட்டு எல்லாவற்றுக்கும் லீவு விடுகிறவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள்.

அப்புறம் கட்டுரை. ஒரு லெக்சருக்கு ஒன்றோ இரண்டோ ஆய்வுக் கட்டுரை கொடுத்திருப்பார்கள். முதல் வரியிலிருந்து அகராதியோடு படிக்க ஆரம்பித்தால் நடுராத்திரிக்கு மூன்றாம் பக்கத்தில் தூங்கிவிடுவீர்கள். வரிசை இதுதான்: சுருக்கம், பிறகு படங்களும் அட்டவணைகளும், பிறகு செய்முறை, பிறகு முடிவுரை. முன்னுரையை விட்டாலும் குற்றமில்லை. லெக்சரர் முதல் பத்து நிமிடம் பேசப்போவதே அந்த முன்னுரையைத்தான்.

செய்முறைப் பகுதியில் மட்டும் நின்று நிதானமாகப் படியுங்கள். எத்தனை இடம், எத்தனை முறை போனார்கள், எப்படி எண்ணினார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். முடிக்கும்போது ஒரு துண்டுத் தாளில் இரண்டு கேள்வி எழுதி வையுங்கள், அதில் ஒன்று உங்கள் ஊர் இடம் பற்றியதாக இருக்கட்டும். ‘இதே முறையைக் கோடியக்கரை வெளிமான்களுக்குச் செய்தால் எது இடிக்கும்?’ மாதிரி. கேள்வியோடு போகிற காது வேறு மாதிரி கேட்கும்.

3. காலை: கடிகாரமும் டப்பாவும்

சுவீடனில் அட்டவணையில் 9 மணி என்று மட்டும் இருந்தால் வகுப்பு பெரும்பாலும் 9.15க்குத் தொடங்கும். ‘கல்விக் கால்மணி’ என்று பழைய வழக்கம். 9.15 என்றால் 9.15தான், 9.17 இல்லை. அந்தக் கால்மணியில் உட்காரும் இடம், பிளக் பாயின்ட், முந்தின இரவு எழுதிய கேள்வித் தாள் மூன்றையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அக்டோபர் கடைசி ஞாயிறும் மார்ச் கடைசி ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுவார்கள். போன் தானாக மாறிவிடும். ஊரிலிருந்து கொண்டுபோன கைக்கடிகாரமும் அலாரமும் மாறாது. அக்டோபரில் ஏமாந்தால் ஒரு மணி நேரம் முன்னால் போய்ப் பூட்டிய கதவு முன் நிற்பீர்கள். மார்ச்சில் ஏமாந்தால் பாதி வகுப்பு போயிருக்கும்.

மதியச் சாப்பாட்டை டப்பாவில் கட்டிக்கொள்ளுங்கள். வெளியில் சாப்பிட்டுக் கட்டாது. மாணவர்கள் சூடாக்கிக்கொள்ள மைக்ரோவேவ் வைத்திருப்பார்கள், மணி பன்னிரண்டானால் அதன் முன் வரிசை நிற்கும். தயிர்ச் சோறு கொண்டுபோகிறவருக்கு வரிசையே இல்லை.

4. லெக்சரில் என்ன எழுத வேண்டும்

இதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஸ்லைடைப் பார்த்து எழுதாதீர்கள். பெரும்பாலும் அது பிடிஎஃப்பாக உங்களுக்கே வந்துவிடும். போனில் ரெக்கார்டு பண்ணுவதும் வேண்டாம். அனுமதி கேட்க வேண்டும் என்பது ஒரு பக்கம். முப்பது மணி நேர ஒலிப்பதிவை வைத்துக்கொண்டு ஒன்றைக்கூடத் திரும்பக் கேட்காத ஒரு பையனை எனக்குத் தெரியும். ‘இருக்கிறதே’ என்ற தைரியத்தில் வகுப்பிலும் கவனிக்கவில்லை.

பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம், லெக்சரர் சொல்லும் முறை எதையெல்லாம் உண்மை என்று எடுத்துக்கொள்கிறது என்பது. வலப்பக்கம், அது நம் ஊரில் எங்கே உடையும் என்பது. தமிழில் எழுதுங்கள், வேகமாக வரும்.

ஒரு உதாரணத்தை முழுசாகப் பார்ப்போம். அன்றைய பாடம் ‘பிடித்துக் குறியிட்டு மறுபடி பிடித்தல்’. லிங்கன், பீட்டர்சன் என்ற இரண்டு பேர் பெயரில் உள்ள கணக்கு. அவர் ஏரி மீன் என்பார், காட்டு எலி என்பார். நீங்கள் சம்பா வயல் எலியை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் இரவு 40 எலி பிடித்து, காதில் குறி போட்டு விட்டுவிடுகிறீர்கள். சில நாள் கழித்து 50 எலி பிடிக்கிறீர்கள். அதில் 10 எலிக்குக் குறி இருக்கிறது. பிடித்ததில் ஐந்தில் ஒன்று குறியுள்ளது என்றால் மொத்தத்திலும் ஐந்தில் ஒன்று குறியுள்ளதாக இருக்க வேண்டும். குறியிட்டது 40, ஆகவே மொத்தம் 200. அவ்வளவுதான் கணக்கு. எண்ணிக்கை சிறிதாக இருந்தால் இது கொஞ்சம் கூடுதலாகக் காட்டும் என்பதால் சாப்மன் திருத்தம் என்று ஒன்று போடுவார்கள்: 41ஐ 51ஆல் பெருக்கி, 11ஆல் வகுத்து, 1 கழிக்க, 189 வரும்.

நோட்டில் இந்தக் கணக்கை மட்டும் எழுதிக்கொண்டு வருகிறவர்கள் பாடத்தைக் கோட்டைவிட்டவர்கள். கணக்கு ஐந்து நிமிடம், மீதி நேரமெல்லாம் அது எப்போது பொய் சொல்லும் என்பதற்குத்தான். இடப்பக்கத்தில் எழுத வேண்டியது: இடையில் எலி வரவும் போகவும் கூடாது, குறி அழியக் கூடாது, குறி போட்ட எலியும் போடாத எலியும் ஒரே மாதிரி மாட்ட வேண்டும்.

இப்போது வலப்பக்கம். பக்கத்து வயலில் அறுவடை ஆகிவிட்டால் அங்குள்ள எலி இங்கே ஓடி வரும். குறியில்லாத எலி கூடும், முதல் இரவில் இருந்ததைவிட விடை ஏறிவிடும். ஒருமுறை கூண்டில் மாட்டிப் பயந்த எலி மறுபடி பக்கத்தில் வராது. குறியுள்ளது குறைவாக மாட்டும், அப்போதும் விடை ஏறும். கருவாட்டு ருசி கண்ட எலி தினமும் தேடி வரும், விடை இறங்கும். அப்புறம், நம்மூர்த் தஞ்சாவூர்க் கிட்டியை இதற்கு வைக்க முடியாது. அது எலியைக் கொன்றுவிடும், மறுபடி பிடிக்க ஆளிருக்காது. நான் எழுதியபோது பக்கத்தில் இருந்தவனுக்குக் கிட்டியைப் படம் போட்டுக் காட்டினேன், மூங்கில் வில்லும் ஓலையும் கயிறுமாக. அன்று அந்த வகுப்பில் அவனுக்கு ஞாபகம் இருந்தது அது ஒன்றுதான் என்று பின்னால் சொன்னான்.

இன்னொரு பாடம் அடிக்கடி வரும்: ‘காணவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமா?’ சம்புக்குள் ஒளியும் கானாங்கோழி ஒரு குளத்தில் இருந்தும், ஒருமுறை போனால் பாதி வாய்ப்புதான் கண்ணில் பட என்று வையுங்கள். மூன்று முறை போயும் காணாமல் திரும்ப எட்டில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதனால்தான் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகச் சொல்கிறார்கள். இது பிடிபட்டால் அடுத்த மூன்று மாதப் பாடம் இதன் மேலேயே ஏறி உட்காரும்.

புரியாத சொல் வந்தால் ஒலியைத் தமிழில் எழுதி, பக்கத்தில் ஒரு சுழி போட்டுவிட்டு நகருங்கள். அந்தச் சொல்லை அப்போதே போனில் தேடினால் அடுத்த மூன்று வாக்கியம் போய்விடும்.

5. இடைவேளையை வீணாக்காதீர்கள்

முக்கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இடைவேளை விடுவார்கள். நம் பிள்ளைகள் அப்போது போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய்விடுகிறார்கள். லெக்சரர் அங்கேயே காபியோடு நின்றுகொண்டிருப்பார். எல்லார் முன்னாலும் கேட்கக் கூச்சமாக இருந்தால் துண்டுத் தாள் கேள்வியைக் கேட்க இதுதான் சமயம்.

பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அறுபது வயதுப் பேராசிரியரைப் பெயர் சொல்ல நாக்கு எழாது, எனக்கும் ஒரு மாதம் எழவில்லை. ஆனால் ‘சார், சார்’ என்று தொடர்ந்தால் அவர்களுக்குத்தான் சங்கடம். கூப்பிடாமலே பேச்சைத் தொடங்கினாலும் தப்பில்லை, நான் அப்படித்தான் ஓட்டினேன்.

‘புரியவில்லை’ என்று மொத்தமாகச் சொல்லாதீர்கள். அவர் திரும்ப முதலிலிருந்து அதையே சொல்வார். ‘இது வரை புரிந்தது, இந்த இடத்தில் விட்டுவிட்டேன்’ என்று விரல் வைத்துக் காட்டுங்கள்.

6. மதியச் செமினார்

இங்கே வாய் திறக்காமல் இருந்தால் வராததற்குச் சமம். உங்கள் முறை சுற்றி வருவதற்குள் முதல் ஐந்து நிமிடத்திலேயே ஏதாவது ஒன்று பேசிவிடுங்கள். நேரம் போகப் போக நம் கருத்தை வேறு யாராவது சொல்லிவிடுவார்கள், அப்புறம் சொல்ல ஒன்றுமிருக்காது.

ஒரு எச்சரிக்கை. சுவீடனில் காட்டுயிர்ப் படிப்பு என்றால் வேட்டையும் பாடம். மூஸ் என்ற பெரிய மானை ஆண்டுதோறும் இத்தனை சுடலாம் என்று முடிவு செய்கிறார்கள். அது பைன் கன்றுகளைத் தின்பதால் காட்டுக்குச் சொந்தக்காரருக்கு நஷ்டம், ரோட்டில் கார் மோதி விபத்து, வேட்டைக்காரருக்கோ நிறைய மூஸ் இருக்க வேண்டும். 1972 காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தோடு வளர்ந்த நமக்குத் தூக்கிவாரிப் போடும். ‘கொல்வது பாவம்’ என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். ‘எத்தனை இருக்கிறது என்ற மதிப்பீடு தப்பாக இருந்தால் சுடும் எண்ணிக்கை என்ன ஆகும்?’ என்று கேளுங்கள். காலையில் எலி வைத்துக் கற்றதுதான் இது. உங்கள் மறுப்பை அதற்கப்புறம் சொன்னாலும் காது கொடுப்பார்கள்.

அப்புறம் நம் இடத்தைக் கொண்டுவாருங்கள். கோடியக்கரையில் வெளிமான் மேயும் புல்வெளியில் சீமைக்கருவேலம் பரவுகிறது, காட்டுக்குதிரைகளும் அதே புல்லைத் தின்கின்றன, பக்கத்தில் உப்பளம், அந்தப் பக்கம் கடல். 2018 நவம்பரில் கஜா புயல் வேறு அடித்துவிட்டுப் போனது. இதில் எதை முதலில் சரிசெய்வீர்கள் என்று கேட்டால் மொத்த மேசையும் நிமிர்ந்து உட்காரும். 2002இலேயே ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் வந்த இடம் என்றால் அவர்களுக்கு உடனே விளங்கும்.

7. கணினி லேப்

லேபில் நேரம் போவது சூழலியலில் அல்ல, கோப்பைத் திறப்பதில். மூன்று பிழைகளை மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, புள்ளியும் காற்புள்ளியும். சுவீடனில் மூன்றரையை 3,5 என்று எழுதுவார்கள். அங்குள்ள கணினியில் சேமித்த கோப்பை நீங்கள் வழக்கம்போலத் திறந்தால் எண்ணெல்லாம் எழுத்தாகிவிடும், சராசரி வராது. ‘ரீட்.சிஎஸ்வி’ (read.csv) கட்டளைக்குப் பதில் ‘ரீட்.சிஎஸ்வி2’ (read.csv2) போட வேண்டும். இந்த ஒரு எண் 2 தெரியாமல் என் முதல் லேப் முழுக்கப் போயிற்று.

இரண்டு, கோப்புறைப் பெயர். இடைவெளியும் தமிழ் எழுத்தும் இல்லாமல் வையுங்கள். ‘புது ஃபோல்டர் கடைசி உண்மையான கடைசி’ என்றெல்லாம் வேண்டாம்.

மூன்றாவதுதான் பெரிது: சுழியமும் வெற்றிடமும் ஒன்றல்ல. வடுவூரில் பத்து நாள் திட்டம். மழையால் மூன்று நாள் போகவே இல்லை. போன ஏழு நாளில் மொத்தம் 84 நாரை. சராசரி 12. போகாத நாளுக்கும் 0 போட்டுவிட்டால் சராசரி 8.4 ஆகிவிடும். போய்ப் பார்த்து ஒன்றும் இல்லை என்றால்தான் 0. போகவில்லை என்றால் ‘என்ஏ’ (NA) என்று இடுங்கள். ஆர் அதைப் புரிந்துகொள்ளும், ஆனால் சராசரி போடும்போது அதை விட்டுவிடச் சொல்லி நீங்கள் தனியாகக் கட்டளை தர வேண்டும். இல்லாவிட்டால் விடையும் ‘என்ஏ’ என்றே வரும்.

பக்கத்து நண்பர் தரும் கட்டளைகளை அப்படியே ஒட்டாதீர்கள். லேப் அறிக்கைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் சாஃப்ட்வேர் இருக்கிறது, நகலைத் தீவிரமான குற்றமாகவே எடுத்துக்கொள்வார்கள். ‘சேர்ந்துதான் செய்தோம்’ என்பது நம்மூரில் செல்லும், அங்கே செல்லாது.

8. மாலை: ஒரு மணி நேரம், அதே நாளில்

அறைக்கு வந்ததும் படுக்கையில் சாயாதீர்கள். குளிர்காலத்தில் உமியோவில் வெளிச்சமே நாலைந்து மணி நேரம்தான். சாய்ந்தால் இரவா பகலா என்று தெரியாமல் தூங்கிப்போவீர்கள். நூலகத்திலேயே முடித்துவிட்டு வருவது உத்தமம்.

சுழி போட்ட சொற்களை இப்போது தேடுங்கள். இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டையும் சேர்த்து இங்கிலீஷில் ஐந்தே வாக்கியம் எழுதுங்கள். வகுப்பில் தமிழ், மாலையில் இங்கிலீஷ். காலையில் புரிய வேண்டும், மாலையில் எழுதிப் பழக வேண்டும், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யப் போனால் இரண்டும் கெடும். பரீட்சைக்கு முன்னால் இந்த ஐந்து வாக்கியங்களைத் தவிர வேறெதையும் நான் திறந்ததில்லை.

வீட்டுக்குப் போன் இதற்கப்புறம்தான், ஆனால் ரொம்பத் தள்ளாதீர்கள். குளிர்காலத்தில் நம் நேரம் நாலரை மணி முன்னால் ஓடும், கோடையில் மூன்றரை. குளிர்காலத்தில் அங்கே மாலை ஐந்து என்றால் இங்கே ஒன்பதரை, அம்மா தூங்கப் போகிற நேரம். வகுப்பு நேரத்தில் அடித்து, எடுக்காவிட்டால் பயந்துபோகிறார்கள் என்பதால் அட்டவணையை வீட்டுக் காலண்டரில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பேசும்போது அன்றைய பாடத்தையே கேளுங்கள். நான் அப்பாவிடம் “தாளடி வயல்ல நத்தை குத்தி எத்தனை நிக்குதுப்பா?” என்பேன். ஒருநாள் “முப்பது இருக்கும்” என்றார். எங்கே நின்று பார்த்தீர்கள் என்றதற்கு, “வரப்புக்கு இந்தப் பக்கம் மட்டுந்தான் பாத்தேன், அந்தப் பக்கம் கருவ மறைக்குது” என்றார். அதை அப்படியே வலப்பக்கத்தில் எழுதிக்கொண்டு, நாளைய கட்டுரையை எடுத்து வைத்தேன்.